ஊதா ஆக்ஸாலிஸ் வளர்க்கிறவங்க கேக்குற கேள்விகள்: செடி செத்துடுச்சா, தூங்குதா?

எங்க அபார்ட்மென்ட்ல இதுவரைக்கும் பதினோரு வீட்டுக்கு இந்தச் செடியோட கிழங்கு குடுத்திருக்கேன். ஊதா கலர் இலை, ஒரு காம்புக்கு மூணு, ஒவ்வொண்ணும் முக்கோணமா, காத்தடிச்சா வண்ணத்துப்பூச்சி கூட்டமா உக்காந்து இறக்கை ஆட்டுற மாதிரி இருக்கும், அதப் பாத்துட்டு கேக்காம போறவங்க கம்மி. குடுத்தது தப்பில்ல, ஆனா அதுக்கப்புறம் லிஃப்ட்ல, மொட்டை மாடில, ஒரு தடவை கல்யாண பந்தில கூட அதே கேள்விங்கதான். அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். நான் இருக்கிறது சென்னை வேளச்சேரி, நாலாவது மாடி, கிழக்கு பாத்த பால்கனி. நீங்க கோயம்புத்தூர்லயோ பெங்களூர்லயோ இருந்தீங்கன்னா உங்களுக்கு என்னை விட ஈஸியாதான் இருக்கும், வெயில் கணக்க மட்டும் கொஞ்சம் கொறச்சு படிச்சுக்கோங்க.

இதோட உண்மையான பேர் என்ன? நர்சரில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே?

ஆக்ஸாலிஸ் ட்ரையாங்குலாரிஸ். நர்சரில பர்ப்பிள் ஷாம்ராக்னு சொல்லுவாங்க, பட்டர்ஃபிளை பிளான்ட்னு சொல்லுவாங்க, லவ் பிளான்ட்னு கூட ஒருத்தர் சொன்னாரு. பட்டர்ஃபிளைன்னு கேட்டு வாங்குறப்ப மட்டும் கவனம், கிறிஸ்டியான்னு இன்னொரு செடி இருக்கு, அதுக்கும் இதே பேர்தான், அது கோடு போட்ட இலையோட வரும், அவரைக்காய் குடும்பம், அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சொந்த ஊர் தென் அமெரிக்கா, பிரேசில், பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா பக்கம். ஆக்ஸாலிஸ்ங்கிற பேர் புளிப்புக்கான கிரேக்க வார்த்தையில இருந்து வந்தது. இலைய லேசா கடிச்சுப் பாத்தா ஏன்னு தெரிஞ்சுடும். (கடிக்கிறதுக்கு முன்னாடி கீழ சாப்பிடுறத பத்தி எழுதியிருக்கேன், அதப் படிச்சுடுங்க.)

ஷாம்ராக்ங்கிற பேர் ஒரு குழப்பம். அயர்லாந்துக்காரங்க மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் நாளுக்கு சட்டையில குத்திக்கிறது க்ளோவர் வகை, ஆக்ஸாலிஸ் கிடையாது. ரெண்டுக்கும் மூணு இலைங்கிறதால அமெரிக்கா கடைங்கள்ல அந்த சீசனுக்கு ஆக்ஸாலிஸ ஷாம்ராக்னு விக்கிறாங்க, அந்தப் பேர் அப்படியே நம்ம நர்சரி வரைக்கும் வந்து சேந்துடுச்சு.

நம்ம ஊர் புளியாரையும் இதுவும் ஒண்ணா?

ஒண்ணு இல்ல, ஆனா பங்காளிங்க. நான் மொதல் தொட்டி வாங்கிட்டு வந்த அன்னிக்கு எங்கம்மா கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு கிட்ட குனிஞ்சு பாத்துட்டு, "ஏண்டி, புளியாரைக்கு ஊதா பெயின்ட் அடிச்சா மாதிரி இருக்கு, இதுக்கா காசு குடுத்தே"ன்னாங்க. அவங்க ஸ்கூல் படிக்கிறப்ப கிணத்தடியில மொளைக்கிற புளியாரைய பறிச்சு உப்பு தொட்டு தின்னுவாங்களாம். அம்மா சொன்னது முழுக்க சரி. புளியாரை ஆக்ஸாலிஸ் கார்னிகுலேட்டா, அதே இனம். இலை ஹார்ட் மாதிரி, குட்டி மஞ்சள் பூ, தரையோட படரும். பேரப் பாருங்க, தண்ணி நிக்கிற இடத்துல வளர்ற ஆரைக்கீரைக்கு நாலு இலை, இதுக்கு மூணு, பாக்க அதே சாயல், ஆனா புளிக்கும், அதனால புளியாரை. ஆரைக்கீரை உண்மையில பெரணி வகை, ரெண்டுக்கும் ரத்த சொந்தமே கிடையாது, முகஜாடை மட்டும்தான். சொந்தம்னு பாத்தா ஊறுகா போடுற பிலிம்பிக்காயும், ஸ்டார் ஃப்ரூட்னு விக்கிற தமரத்தங்காயும்தான், ரெண்டும் மரம், ஆனா ஆக்ஸாலிஸ் குடும்பத்துலதான் வருது. அந்தப் புளிப்பு குடும்பத்துக்கே இருக்கு.

எங்க வைக்கிறது? ரூம் உள்ளயே வளருமா?

வெளிச்சம் நெறைய வேணும், நேர் வெயில் கொஞ்சமா வேணும். கிழக்கு ஜன்னல் இருந்தா யோசிக்கவே வேணாம், அங்க வெச்சிடுங்க. காலைல 7 மணில இருந்து 9 மணி வரைக்கும் விழற வெயில் இதுக்கு அமிர்தம். மேற்கு பக்கம்னா ஜன்னல்ல இருந்து மூணு நாலு அடி தள்ளி உள்ள வைங்க, இல்லாட்டி ஒரு மெல்லிசு திரை. மார்ச்சுக்கு அப்புறம் சென்னைல மூணு மணி வெயில் இலைய அப்பளம் மாதிரி பொரிச்சிடும், ஓரத்துல இருந்து பழுப்பாகி நொறுங்கும்.

டிவி ஸ்டாண்டு மேல, ஹால் மூலைல, பாத்ரூம்ல வைக்கலாமான்னு கேக்குறீங்க. ஒரு வாரம் அழகுக்கு வைக்கலாம். அங்கயே விட்டீங்கன்னா காம்பு ஒல்லியா நீண்டு ஜன்னல் பக்கமா சாஞ்சு, கொஞ்ச நாள்ல தலை தொங்கி தொட்டிக்கு வெளிய விழுந்திடும், ஊதா கலரும் மங்கிடும். ஜன்னல்ல வெச்சாலும் ஒரு பக்கமாதான் சாயும், வாரத்துக்கு ஒரு தடவை தொட்டிய கால் வட்டம் திருப்பி வைங்க. ஏசி காத்து நேரா அடிக்கிற எடம் வேணாம்.

தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

நாள் கணக்கு சொன்னா நீங்க அத அப்படியே பண்ணுவீங்க, செடி அழுகிடும், அப்புறம் என்னைத் திட்டுவீங்க. வெரலை மண்ணுல ஒரு இன்ச் விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா ஊத்துங்க, ஈரம் தட்டுச்சுன்னா கைய தொடச்சிட்டு போயிடுங்க. என் வீட்டு கணக்கு மார்ச் ஏப்ரல்ல ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழைல ஆறு ஏழு நாள் கூட ஆகும். இது கிழங்குச் செடி, அடியில தண்ணி சேத்து வெச்சிருக்கு, ஒரு நாள் மறந்தா ஒண்ணும் ஆகாது, தலைய தொங்கப் போடும், தண்ணி குடுத்த கொஞ்ச நேரத்துல எழுந்திடும். ஆனா தினமும் ரெண்டு டம்ளர் ஊத்துற பாசக்காரங்க கிட்ட இது பொழைக்காது. எங்க மாடில இது செத்த மூணு வீட்டுலயும் காரணம் பாசம்தான்.

தட்டுல தண்ணி நிக்கக் கூடாது, அதோட போர் தண்ணி உப்பா இருந்தா இலை ஓரம் கருகும், மண்ணு மேல வெள்ளையா பூத்துக்கும். எங்க ஏரியா போர் தண்ணி பக்கெட்ல கோடு போடுற ரகம், அதனால நான் ஏசில இருந்து சொட்டுற தண்ணிய பிடிச்சு ஊத்துறேன், மழை பெஞ்சா மழைத்தண்ணி. ஆர்ஓ மெஷின்ல இருந்து கழிவா வெளிய வர்ற தண்ணி வேணாம், வடிகட்டின உப்பு மொத்தமும் அதுலதான் இருக்கு.

மண்ணு என்ன கலவை? தொட்டி எவ்ளோ பெருசு?

தண்ணி நிக்காம வடியணும், அவ்ளோதான் ரூல். நான் போடுறது தோட்ட மண்ணு ஒரு பங்கு, கழுவின கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் அரை பங்கு, ஆத்து மணலோ பெர்லைட்டோ (லேசான வெள்ளைக் கல் குருணை) அரை பங்கு. கோகோபீட்ட ரெண்டு தடவை நல்லா அலசி பிழிஞ்சிடுங்க, அதுல உப்பு இருக்கும். தொட்டி அஞ்சு ஆறு இன்ச் போதும், அடில ஓட்டை கட்டாயம். ஓட்டை இல்லாத அழகு பீங்கான் கப்புல நட்டு மேஜைல வைக்கிற போட்டோவெல்லாம் போட்டோவுக்கு மட்டும்தான், மூணு வாரம் தாண்டாது.

உரம் ரொம்ப கேக்காது. நல்லா தழைச்சு வளர்ற நேரத்துல மூணு வாரத்துக்கு ஒரு தடவை தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கிற 19:19:19 உரத்த ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் கரைச்சு ஊத்துறேன், இலை இல்லாதப்ப ஒண்ணுமே போடுறதில்ல.

ராத்திரி ஆனா இலையெல்லாம் மடங்கி குடை மாதிரி ஆகிடுது, ஏதாவது நோயா?

இல்லவே இல்ல, தூங்குது. சாயங்காலம் வெளிச்சம் கொறைய ஆரம்பிச்சதும் மூணு இலையும் காம்ப ஒட்டி கீழ மடிஞ்சுக்கும், காலைல விரிஞ்சிடும். நம்ம ரோட்டோரத்து தூங்குமூஞ்சி மரம் பாத்திருப்பீங்க, பேரே அதுதான், அதுவும் இதே வேலைதான் பண்ணுது. இலையும் காம்பும் சேர்ற இடத்துல குட்டியா ஒரு மூட்டு மாதிரி இருக்கு, லென்ஸ் வெச்சுப் பாத்தா தெரியும். அந்த மூட்டுல இருக்கிற செல்லுக்குள்ள பொட்டாசியம் போறதும் வர்றதுமா இருக்கும், பொட்டாசியம் எங்க போகுதோ தண்ணியும் பின்னாடியே போகும், ஒரு பக்கம் உப்பும், இன்னொரு பக்கம் சுருங்கும், இலை மடங்கும். சதையே இல்லாத செடி தண்ணிய வெச்சே மூட்ட அசைக்குது.

எதுக்கு இந்த வேலைன்னு 1880-லயே சார்லஸ் டார்வினும் அவர் பையன் ஃபிரான்சிஸும் மண்டைய உடைச்சிருக்காங்க. ஐரோப்பாவுல காட்டுல வளர்ற ஒரு ஆக்ஸாலிஸோட இலைய கார்க்குல ஊசி குத்தி மடங்க விடாம பண்ணி, பனி கொட்டுற ராத்திரில வெளிய வெச்சுப் பாத்தாங்க. தூங்க விடாத இலைங்கதான் குளிர்ல அதிகம் அடிபட்டுச்சு. அவங்க ஊருக்கு அது சரி, வேளச்சேரில எந்த பனிய நெனச்சு இது மடங்குதுன்னு எனக்கு சிரிப்பா வரும், ஆனா பழக்கத்த விடல.

பகல்ல மடங்கிச்சுன்னா அது வேற கதை. வெயில் அதிகமானாலும் மடக்கிக்கும், வெயில் படுற பரப்ப கொறைக்கிறதுக்கு. கலிஃபோர்னியா ரெட்வுட் காட்டு அடில வளர்ற ஆக்ஸாலிஸ் ஒண்ணு, மரத்துக்கு நடுவுல வெயில் துண்டு வந்து விழுந்தா சில நிமிஷத்துலயே மடங்கிடும், நெழல் வந்ததும் விரியும். உங்க செடி மத்தியானம் 12 மணிக்கு மடங்கி நின்னா, எடத்த மாத்துன்னு சொல்லுதுன்னு அர்த்தம். மண்ணு காஞ்சிருந்தாலும் இப்படித்தான் நிக்கும், அதனால மொதல்ல வெரல், அப்புறம் எடம்.

நல்லா இருந்த செடி, திடீர்னு ஒரே வாரத்துல எல்லா இலையும் பழுத்து சாஞ்சிடுச்சு. செத்துடுச்சா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்ளோவும் எழுத உக்காந்தேன்.

பெரும்பாலும் சாகல. தயவுசெஞ்சு தொட்டிய கொட்டாதீங்க.

என் மொதல் செடி 2021 ஜனவரில வாங்கினது, 120 ரூபா. மாசி பங்குனில தொட்டி நெறைய ஊதா, நடுவுல வெளிர் ரோஸ் பூ, பாக்கிறவங்க எல்லாம் போட்டோ எடுத்துட்டு போனாங்க. மே மாசம் அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச அஞ்சாறு நாள்ல இலை ஒண்ணொண்ணா வெளிறி, காம்பு தண்ணியா கொழஞ்சு, கடைசில தொட்டில மண்ணும் நாலு காஞ்ச குச்சியும்தான். நான் என்ன பண்ணினேன், தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ரெண்டு வேளை ஊத்தினேன். ஒண்ணும் வரல. எங்க அத்தை, "செத்த செடிய எதுக்கும்மா வாசப்பக்கம் வெச்சிருக்கே"ன்னாங்க, நானும் மனசு வெறுத்துப் போயி அந்த மண்ண கருவேப்பிலைத் தொட்டில கொட்டிட்டேன், நல்ல மண்ணு வீணாக வேணாமேன்னு. ஆடி கடைசில ஒரு நாள் குழம்பு தாளிக்க கருவேப்பிலை கிள்ளப் போனா, அடில கருவேப்பிலை தண்ட சுத்தி ஊதாவா சின்ன சின்ன கைய மூடின மாதிரி மொளை. எண்ணிப் பாத்தேன், ஒன்பது. அடுப்புல கடுகு கருகிப் போச்சு, அத விடுங்க.

நடந்தது என்னன்னா செடி ஓய்வுக்குப் போயிருக்கு. இதுக்குப் பிடிச்ச சூடு 15-ல இருந்து 24 டிகிரி வரைக்கும். 27 தாண்டி ரொம்ப நாள் போச்சுன்னா, இலைய வெச்சுக்கிட்டு கஷ்டப்படுறதுக்கு பதிலா எல்லாத்தையும் கொட்டிட்டு மண்ணுக்குள்ள கிழங்கா படுத்துக்கும். சென்னை மே மாசத்துல 40 டிகிரி, அது வேற என்னதான் பண்ணும், நம்மளே ஏசிக்குள்ள படுத்துக்கிறோம். குளிர் ஊருங்கள்லயும் வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி படுக்கும், அங்க சில வாரத்துல எழுந்திடும். நம்ம ஊர்ல எனக்கு ஆறு வாரத்துல இருந்து பத்து வாரம் வரைக்கும் ஆகியிருக்கு.

தூங்குதா, நெஜமாவே அழுகிடுச்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

மேல் மண்ண வெரலால கொஞ்சம் தள்ளி ஒரு கிழங்க எடுங்க. அழுத்துனா கெட்டியா இருக்கா, உள்ள வெள்ளையா ரோஸா இருக்கா, உயிரோட இருக்கு, திருப்பி புதைச்சிடுங்க. பிசுபிசுன்னு நசுங்கி சாக்கடை வாடை அடிச்சா போயிடுச்சு. அப்படியும் மொத்தத்தையும் தூக்கிப் போடாதீங்க, பத்து கிழங்குல ரெண்டு மூணு கெட்டியா தப்பிச்சிருக்கும், அத எடுத்து ஒரு நாள் நெழல்ல ஆற விட்டு காஞ்ச மண்ணுல வைங்க. எல்லாம் போயிருந்தா, அது பெரும்பாலும் நான் பண்ணின மாதிரி தூங்குறவனுக்கு வாயில தண்ணி ஊத்தின கேஸ்தான். இலை இல்லாம தண்ணி இழுக்க ஆள் இல்ல, மண்ணு ஈரமாவே கிடக்கும், கிழங்கு அழுகும். என்னோடது பொழைச்சது கருவேப்பிலைத் தொட்டில மண்ணு சீக்கிரம் காஞ்சதாலதான்.

சரி, தூங்குற தொட்டிய என்ன பண்றது?

காஞ்ச இலையெல்லாம் கத்தரியால ஒட்ட வெட்டிடுங்க. தண்ணிய நிறுத்துங்க. கட்டில் அடிலயோ, ஷூ ஸ்டாண்டு கீழ் தட்டுலயோ, வெயில் படாத கொஞ்சம் சில்லுனு இருக்கிற எடத்துல வைங்க, மழை படவே கூடாது. மேல ஒரு சீட்டுல "காலி இல்ல, ஆள் உள்ள இருக்காங்க"ன்னு எழுதி ஒட்டுங்க, நான் ஒட்டியிருக்கேன், வீட்டு வேலைக்கு வர்ற அக்கா தொட்டிய கழுவி கவுத்து வைக்கப் போனதுக்கு அப்புறம். மூணு வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சா போதும், கிழங்கு சுருங்காம இருக்க. ஊதா மொளை தலை காட்டுனதும் எடுத்துட்டு வந்து வெளிச்சத்துல வெச்சு மெதுவா தண்ணிய ஆரம்பிங்க. மொளை தெரிஞ்சு ரெண்டு மூணு வாரத்துல தொட்டி மூடிடும்.

சிலருக்கு செடி முழுசா படுக்காம பாதி இலை காஞ்சு பாதி நின்னு அசிங்கமா இருக்கும். அப்பவும் கத்தரிதான், தயங்காம மொத்தத்தையும் மண் மட்டத்துக்கு மொட்டை அடிச்சிடுங்க. பழனி மொட்டை மாதிரி, கொஞ்ச நாள்ல முன்ன விட அடர்த்தியா வரும்.

மண்ணுக்குள்ள கம்பளிப்புழு மாதிரி கிடக்கே, அது என்ன?

அதுதான் கிழங்கு! சுண்டு விரல் நீளம், செதில் செதிலா, ரோஸும் பழுப்பும் கலந்து, பாத்தா புழு மாதிரிதான் இருக்கும். மூணாவது மாடில ஒருத்தங்க இப்படி "புழு" பொறுக்கி பினாயில் ஊத்தி கொன்னுட்டு, செடி வரலன்னு எனக்கே போன் பண்ணினாங்க. சில சமயம் அதுக்குக் கீழ குட்டி முள்ளங்கி மாதிரி, கண்ணாடி போல தண்ணியா ஒண்ணு தொங்கும், அது தண்ணி சேத்து வைக்கிற வேர், அதுவும் நல்லதுதான்.

புதுச் செடி போடுறதும் இத வெச்சுத்தான். ஓய்வு நேரத்துல தொட்டிய கவுத்து, கிழங்க பிரிச்சு, ஆறு இன்ச் தொட்டிக்கு அஞ்சாறு, ஒரு இன்ச் ஆழம். தலை எது கால் எதுன்னு தெரியலன்னா படுக்க வெச்சு மூடுங்க, அதுவே வழி கண்டுபிடிச்சுக்கும். நீளமான கிழங்க ரெண்டா உடைச்சாலும் ரெண்டும் மொளைக்கும். ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி பிரிக்கலன்னா தொட்டிக்குள்ள நெரிசலாயிடும்.

பூ வரவே இல்லையே? விதை கிடைக்குமா?

வெளிச்சம் பத்தல, தொண்ணூறு சதவீதம் அதான் காரணம். இன்னொண்ணு யூரியா மாதிரி தழைச்சத்து அதிகமா போட்டிருப்பீங்க. எனக்கு தை மாசத்துல இருந்து பங்குனி வரைக்கும் நல்லா பூக்குது, அஞ்சு இதழ், வெள்ளையோட ரோஸ் கலந்து, நீளமான காம்புல கொத்தா வரும், ராத்திரி அதுவும் மூடிக்கும். விதைய எதிர்பாக்காதீங்க. ஆக்ஸாலிஸ் வகைங்கள்ல நெறையதுக்கு பூவே ரெண்டு மூணு ரகமா இருக்கும், சூல்தண்டு ஒண்ணுல நீளம், ஒண்ணுல குட்டை, வேற ரக பூவோட மகரந்தம் வந்தாதான் விதை பிடிக்கும். வீட்டுல வெச்சிருக்கிறது எல்லாம் ஒரே கிழங்கோட வாரிசு, மாப்பிள்ளை கிடைக்காது.

பூச்சி என்னென்ன வரும்?

வெயில் காலத்துல செஞ்சிலந்தி. இலை மேல ஊசியால குத்துன மாதிரி வெளிறின புள்ளி, அடில மெல்லிசா நூலாம்படை, இதுதான் இதுக்கு பெரிய எதிரி. வாரத்துல ரெண்டு தடவை இலைக்கு அடிப்பக்கம் படுற மாதிரி தண்ணிய பீய்ச்சி கழுவுங்க, ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் ரெண்டு சொட்டு சோப்போட கலந்து சாயங்காலமா அடிங்க. மாவுப்பூச்சி காம்பு அடில பஞ்சு மாதிரி ஒட்டும், இயர்பட்ஸ சானிடைசர்ல தொட்டு எடுத்திடலாம். அசுவினி எப்பவாவது.

இலைக்கு அடில ஆரஞ்சு பொடி மாதிரி இருந்தா துரு நோய், அது பூஞ்சை, அந்த இலைங்கள வெட்டி கவர்ல கட்டி குப்பைல போடுங்க. எதுவுமே அடங்கலன்னா என் வழி மொட்டைதான், பூச்சிக்கு சாப்பாடும் போச்சு எடமும் போச்சு, கிழங்குல இருந்து சுத்தமா புதுசா வரும். இந்த வசதி வேற எந்த வீட்டுச் செடில இருக்கு சொல்லுங்க.

வீட்டுல பூனை இருக்கு, சின்ன குழந்தை இருக்கு. வைக்கலாமா?

பூனை, நாய் இருந்தா எட்டாத உயரத்துல வைங்க, இலை மேயுற பூனைன்னா வேணவே வேணாம். இதுல கரையக்கூடிய ஆக்ஸலேட்ங்கிற உப்பு இருக்கு, அது ஒடம்புல போயி கால்சியத்த பிடிச்சுக்கும், நெறைய தின்னா எச்சில் வடியும், வாந்தி, நடுக்கம், கிட்னி வரைக்கும் போகும். அமெரிக்காவுல ஏஎஸ்பிசிஏங்கிற விலங்கு நல அமைப்போட பட்டியல்ல பூனை, நாய், குதிரை மூணுக்கும் ஆகாதுன்னுதான் ஆக்ஸாலிஸ போட்டிருக்காங்க. ஆஸ்திரேலியாவுல மேய்ச்சல் நெலத்துல மஞ்சப்பூ ஆக்ஸாலிஸ் ஒண்ணு மண்டிப் போயி, அத வயிறு நெறைய மேஞ்ச ஆடுங்களுக்கு கிட்னி போயிருக்கு. புளிப்பா இருக்கிறதால பெரும்பாலான பூனை ஒரு கடியோட முகத்த சுளிச்சிட்டு போயிடும், ஆனா அத நம்பி வைக்க வேணாம். குழந்தை ஒரு இலை வாயில வெச்சிடுச்சுன்னா பதற வேணாம், வாய கொப்பளிக்க வெச்சு தண்ணி குடுங்க. நெறைய தின்னுருந்தாலோ வாந்தி எடுத்தாலோ டாக்டர் கிட்ட போயிடுங்க.

துவையல் அரைக்கலாமா?

புளியாரைத் துவையல் ஊர்ல காலங்காலமா இருக்கு, அது வேற. இந்த ஊதாவ வெளிநாட்டுல சாலட் மேல ரெண்டு இலை அழகுக்கு தூவுறாங்க. ஆனா நர்சரில இருந்து வந்த செடில என்னென்ன மருந்து அடிச்சாங்கன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அதனால வாங்கின செடிய வாயில வைக்கவே வைக்காதீங்க. கிட்னி கல்லு இருக்கிறவங்க, கிட்னி ப்ராப்ளம் இருக்கிறவங்க புளியாரை, ஊதா எதுவும் வேணாம். கிட்னி ப்ராப்ளம் இருக்கிறவங்களுக்கு இவங்க சொந்தக்காரர் தமரத்தங்காயும் ஆகாது, அதோட ஜூஸ் குடிச்சே சீரியஸ் ஆனவங்க உண்டு. நான் இதுவரைக்கும் தின்னது அரை இலை, அம்மா சவால் விட்டதுக்காக. கொத்தவரங்கா மாதிரி பச்சை வாடையோட பல்லு கூசுற புளிப்பு.

களை மாதிரி பரவிடுமா?

தொட்டில இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்ல. பரவுறது நம்ம புளியாரைதான், நர்சரி மண்ணோட சேந்து வந்து எல்லா தொட்டிலயும் குடியேறிடும், காய் முத்தினதும் தொட்டா பட்டுனு வெடிச்சு விதை முகத்துலயே அடிக்கும், அதனால காய் வர்றதுக்கு முன்னாடி வேரோட பிடுங்குங்க. மலைப்பக்கம் இருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நீலகிரில ரோஸ் பூ பூக்கிற ஆக்ஸாலிஸ் லாட்டிஃபோலியா டீ எஸ்டேட், காய்கறி தோட்டம்னு எல்லா எடத்துலயும் களையா இருக்கு, அதுவும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததுதான், பிடுங்க பிடுங்க குட்டிக் கிழங்கு மண்ணுல தங்கிடும். ஊட்டி, கொடைக்கானல் குளிர் நம்ம ஊதாவுக்கும் ரொம்ப பிடிச்ச குளிர். அதனால அங்க தரையில நடாதீங்க, பழைய மண்ண தோட்டத்துல கொட்டாதீங்க. கொட்டினா என்ன ஆகும்னு என் கருவேப்பிலைய கேளுங்க, இன்னிக்கும் அதுக்கு அடில ரெண்டு நிக்குது.

பச்சை கலர், நாலு இலை எல்லாம் பாத்தேனே?

இதுலயே பச்சை இலை வெள்ளைப்பூ வகை இருக்கு, வளர்ப்பு முறை எல்லாம் ஒண்ணுதான், ஊதாவ விட வெயில கொஞ்சம் தாங்குதுன்னு எனக்குத் தோணுது. நாலு இலையோட நடுவுல கருஞ்சிவப்பா பட்டை ஓடினா அது அயர்ன் க்ராஸ்ங்கிற வேற ஆக்ஸாலிஸ், மெக்ஸிகோக்காரர், சென்னைல ரெண்டு தடவை வெச்சு ரெண்டு தடவையும் தோத்தேன்.

வீட்டுல வெச்சா லக்காமே, வாஸ்துப்படி எந்தப் பக்கம்?

கிழக்கு. வாஸ்துக்கு இல்ல, காலை வெயிலுக்கு.

ஆன்லைன்ல கிழங்கு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா ஏப்ரல் மே வேணாம். வர்ற வழில கொரியர் வண்டில வெந்துடும், ஒரு தடவை எனக்கு வந்த பத்துல ஏழு ஒடச்சா பொடியாச்சு. ஆவணில இருந்து மார்கழி வரைக்கும் வாங்குங்க. "நீல கலர் ஆக்ஸாலிஸ்", "ரெயின்போ ஆக்ஸாலிஸ்"னு போட்டோ போட்டு விதை பாக்கெட் வித்தா பக்கத்துலயே போகாதீங்க, இந்த இனத்துல நீல இலையே கிடையாது, வர்ற விதை கீரை விதையாதான் இருக்கும்.

உங்க கிட்ட கிழங்கு இருக்கா?

இருக்கு. ஆனா இப்ப கேக்காதீங்க, நல்லா தழைச்சு நிக்கிறப்ப பிடுங்கிக் குடுத்தா ரெண்டு பக்கமும் நஷ்டம். மே மாசக் கடைசில அது படுத்ததும் தொட்டிய கவுப்பேன், அப்ப ஒரு டிபன் பாக்ஸ் கொண்டு வாங்க. காலி டப்பா கொண்டு வந்தா போதும், போன வருஷம் பி பிளாக்ல ஒரு மாமி டப்பா நெறைய தயிர் சாதத்தோட வந்தாங்க, அத தடுக்கிறதுக்கும் இல்ல.